வெறும் பல் டாக்டர்

நானூற்றுப் பன்னிரண்டு என்னுடைய எண். இப்போது மைக்கில் கூப்பிட்டது முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. நடுவில் பதினேழு பேர். பதினேழு பேர் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வந்தபிறகு என் பெயரைக் கூப்பிடுவார்கள், சௌபர்ணிகா சென்னியப்பன் என்று யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை, திக்கித் திக்கித்தான் கூப்பிடுவார்கள், நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கவுன்சலிங் ஹாலின் எதிர்ச் சுவரில் பெரிய திரை. இடது பக்கம் எம்.பி.பி.எஸ்., வலது பக்கம் பி.டி.எஸ். காலேஜ் பெயர்கள், நேரே மீதி இருக்கும் இடங்கள். இடது பக்கம் எங்கள் சாதிப் பிரிவுக்கு ஏழு மிச்சம் இருக்கிறது, எல்லாம் தெற்கே கடலோரத்துக் காலேஜ் ஒன்றில். வலது பக்கத்தை இன்னும் யாரும் தொடவே இல்லை. இடது பக்கம் தீர்ந்தபிறகுதான் ஜனங்கள் வலது பக்கம் திரும்புவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இவை, படிப்புச் செலவு முழுக்க சர்க்கார் பார்த்துக்கொள்கிறது, எனக்கு வந்திருக்கும் எண்ணுக்கு இடது பக்கத்தில் இடம் உறுதி. நடுவில் இருப்பவர்களில் எங்கள் பிரிவு நாலைந்து பேர்தான், எவ்வளவு வேகமாகக் குறைந்தாலும் என் முறை வரும்போது இரண்டு மூன்றாவது இருக்கும். இல்லாமல் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு வருகிறது. ஏழும் தீர்ந்துவிட்டால் நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், கிடைத்ததை எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிடலாம், அப்பாவிடம், அம்மாவிடம், எனக்கே. ஏழு ஆறாகிறது. யாரோ ஒரு பெண் வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஏசி குளிர் கழுத்துக்குள் இறங்குகிறது. அப்பா துண்டை இன்னும் மேலே இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொள்கிறார். குளிருக்கா, மனிதர்களுக்கா தெரியவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்காலி காலி. கூட்டம் நிற்க இடமில்லாமல் சுவர் ஓரம் நிற்கிறது, அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. காலையில் ஒருவர் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் செல்போனை எடுத்துக்கொண்டு பேசப் போகிறவர்போல எழுந்து போனார், திரும்பி வரவில்லை. வாடை. எனக்குப் பழகிவிட்டது. பழகவில்லை, பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். வாய் கொப்பளிக்கும் மருந்தின் வாடைக்குக் கீழே இன்னொரு வாடை இருக்கிறது, போன மாதம் அப்பாவின் கழுத்தில் கட்டி திரும்ப வந்ததிலிருந்து அது இருக்கிறது. கோயமுத்தூர் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். ஒரு வருஷம் என்றார், கூடக் குறைய இருக்கலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். பி.டி.எஸ். ஐந்து. எதை எடுத்தாலும் அந்த ஒரு வருஷக் கணக்கில் வராது.

இந்த மனுஷனின் குரல் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது. தாராபுரம்–பழனி தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். அலங்கியம் பிரிவில் பஸ் திரும்புவதற்கு முன்னாலேயே குரல் திரும்பிவிடும், எங்கள் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மா, உங்கப்பன் வந்தாச்சு, சோறு போடு என்பாள். பழனி பழனி பழனி என்று மூன்று தரம் சொல்வார், மூன்றாவது பழனி மட்டும் நீளும். பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த பஸ்ஸில்தான் வருவேன். கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டு ஏறினால், டாக்டரம்மா வராங்க, கொஞ்சம் வழி விடுங்க என்பார். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது அது. மாடு விற்கப் போகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், மில்லுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் ஒதுங்கும் அந்த வழியில் நடந்து போக ஆசையாகவும் இருக்கும். ஒரு வயசான அம்மா தினமும் கேட்பாள், எனக்கு மூட்டு வலிக்குது, எப்ப ஊசி போடுவே கண்ணு. பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும் அது விளையாட்டாக இல்லாமல் போனது. நானே என்னை டாக்டர் என்று நினைக்க ஆரம்பித்தேன். நடையே மாறிவிட்டது. மருந்துக்கடையில் மாத்திரைப் பெயரைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பேன். யாராவது இருமினால் என்ன காரணம் என்று சொல்வேன். என்ன தைரியம். எவ்வளவு தெரிந்ததுபோல. அப்படி ஒருத்தியாக இருந்ததால்தான் அன்றைக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது. வேண்டாம். அதற்குப் போக வேண்டாம். முந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு. இப்போது அந்தக் குரல் இல்லை. கீழ்த்தாடையில் இடது பாதியை எடுத்தார்கள், நாக்கிலும் பாதியை எடுத்தார்கள், காலிலிருந்து எலும்பும் சதையும் எடுத்து ஒட்டினார்கள். தண்ணீர் என்பது அண்ணி என்று வரும். கஞ்சி அஞ்சி. அம்மாவுக்குப் பாதி புரியும், மீதிக்கு என்னைக் கூப்பிடுவாள். எனக்கு எல்லாம் புரியும். எப்படிப் புரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பதினெட்டு வருஷம் கேட்ட குரல், எங்கே எந்த எழுத்து விழும் என்று காதுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார், ஆனால் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. இன்று காலை எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் நின்று எழுதிக் காட்டினார். எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல. எம்பிபிஎஸ் எடுத்துக்க. எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். நான் சரிங்ப்பா என்றேன். அப்போது சரி என்றுதான் நினைத்தேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பல் டாக்டர். அவர்கள் என்று சொல்ல வேண்டும், ஆனால் மனசுக்குள் அவள் என்றுதான் வருகிறது, என்னைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும். நான் பிளஸ் ஒன் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் டிரைவர் கண்டக்டர்களுக்குப் பல் முகாம் போட்டார்கள். ஷாமியானா, நாலு ஸ்டூல், வரிசை. அப்பா டீ குடிக்கப் போன வழியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். பல்லைப் பாக்கச் சொன்னா அந்தப் புள்ள கன்னத்துக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டே இருக்குது, வாயை மூடவே விடல, நேரம் ஆயிருச்சு பஸ்ஸை எடுக்கோணும்னு சொன்னாலும் கேக்கல. பொட்டலப் புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளையாகப் படை, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வாரத்துக்குள் போய்ச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பா அந்தச் சீட்டை டிக்கெட் பைக்குள் வைத்தார். அது அங்கேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் எங்கள் பஸ்ஸில் ஏறினாள். நான் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து உயிரியல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், படிப்பதை நாலு பேர் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வழியில் வேலை எதுவும் இல்லை, இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்பாவைத் தேடித்தான் ஏறியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் விசாரித்து எந்த வண்டி, எத்தனை மணி என்று கேட்டு ஏறியிருக்கிறாள். அப்பா டிக்கெட் கிழிக்க வந்ததும், அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்று கேட்டாள். அப்பா சிரித்தார். போலாமுங், லீவே கெடைக்கல என்றார். அண்ணா, இது விளையாட்டு இல்லை, வலி இல்லாம இருக்கறப்பவே போகணும், வலி வந்தப்புறம் போனா வேற மாதிரி ஆயிரும் என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே சொன்னாள். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அப்பாவை, இத்தனை பேர் பார்க்க, ஒரு நோயாளியைப்போல. அப்பா என்னைப் பார்த்தார். ஏம் பாப்பா, நீதான் டாக்டராகப் போறவ, நீ என்ன சொல்றே என்றார். முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது வரவில்லையா, முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது என்று இரண்டாம் தரம் கூப்பிடுகிறார்கள். யாரோ ஓடுகிறார்கள். திரையில் ஆறு ஐந்தாகிறது.

சொல்லிவிடலாம். மனசுக்குள்தானே. இரண்டு வருஷமாக அந்த இடம் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறேன், பல் வலிக்கும் பக்கம் கடிக்காமல் மறுபக்கம் மெல்லுகிற மாதிரி. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அவங்க வெறும் பல் டாக்டர்தானேங்ப்பா. டாக்டர் சீட்டு கெடைக்காதவங்கதான் அதுக்குப் போவாங்க. பெரிய டாக்டர் யாராவது சொன்னா பாத்துக்கலாம். அவ்வளவுதான். மூன்று வாக்கியம். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், பாத்தீங்ளா, எங்க டாக்டரம்மா சொல்லிருச்சு என்றார். அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றது, பொட்டல் வெளி, ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத இடம். அவள் அங்கே இறங்கிவிட்டாள். இறங்கும்போது அப்பாவிடம், போயிருங்கண்ணா என்று இன்னொரு தரம் சொன்னாள். பஸ் கிளம்பியதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து அப்பாவுக்கு வாயைத் திறக்க முடியாமல் போனது. கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை செய்த பெரிய டாக்டர், நான் கேட்ட அந்தப் பெரிய டாக்டர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க, முன்னாடியே யாரும் பாத்துச் சொல்லலையா என்று கேட்டார். நான் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா, இல்லீங், யாரும் சொல்லல என்றார். அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது. யாரும் சொல்லல. அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்காகத்தான் மறைத்தார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். மறந்திருக்கலாமோ. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சின்னப்பெண் பஸ்ஸில் சொன்னதை ஒரு மனுஷன் மறக்க முடியாதா. முடியும். அவர் மறந்துவிட்டார். மறக்கவில்லை. மறந்துவிட்டார். இப்படி எத்தனை தடவை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பாழாப்போன புகையிலைதான் என்று அழுவாள், நான் ஆமாம்மா என்பேன். அதுவும் உண்மைதானே. நான் சொன்னேன் என்பதாலா கட்டி வந்தது, கட்டி அப்போதே இருந்தது. ஆனால் அப்போது போயிருந்தால் கன்னத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைத்திருப்பார்கள் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் வெட்டி எடுத்திருந்தால் இன்றைக்கு இந்த ஹாலில் அவர்தான் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார், வரிசை ஒழுங்காக நிற்கவில்லை என்று செக்யூரிட்டியிடம் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார், என் மானத்தை வாங்கிக்கொண்டிருப்பார்.

"எந்த ஊர் கண்ணு?" இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா கேட்கிறாள். சேலம் பக்கமாம், மகள் நானூற்று ஐந்தாம் எண். தாராபுரம் என்கிறேன். "அப்பாவுக்கு உடம்பு முடியலையா?" ஆமாங்க. "பாவம். நீ டாக்டராகி அப்பாவைப் பாத்துக்க." சிரிக்கிறேன். அவளும் சிரிக்கிறாள், சிரிக்கும்போது நான் அவள் வாயைப் பார்க்கிறேன். ஈறு வெளுத்திருக்கிறது, வெற்றிலைக் கறை, கன்னத்தின் உள்பக்கம் தெரியவில்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். யார் பேசினாலும் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறேன். டீக்கடைக்காரர் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்க்கிறேன். இன்று காலை வாசலில் கவுன்சலிங் கடிதம் பார்த்த செக்யூரிட்டி வாயில் எதையோ அடக்கிக்கொண்டு குழறிப் பேசினார், உதட்டு ஓரம் வெளுத்திருந்தது, காட்டுங்க என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, நான் யார் கேட்பதற்கு. இது ஆசையா. இல்லை, செய்ததற்குத் தண்டனையா. தண்டனையைப் போய் ஒருத்தி ஐந்து வருஷம் படிப்பாளா. எம்.பி.பி.எஸ். எடுத்தாலும் வாயைப் பார்க்கலாம், யார் வேண்டாம் என்றார்கள், கேன்சர் டாக்டராகவே ஆகலாம். ஆகலாம். ஆனால் அவர்களிடம் எல்லாம் முடிந்தபிறகுதானே வருகிறார்கள். கோயமுத்தூரில் எத்தனை டாக்டர்கள் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள், அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேரும் பிந்தி வந்தவர்கள். ஒன்றுமே வலிக்காத காலத்தில், ஒரு டீ குடிக்கிற நேரத்தில், ஸ்டூலில் உட்கார வைத்துப் பார்த்தவள் ஒருத்திதான். பஸ் ஏறி வந்து கேட்டவள் ஒருத்திதான். அவள் இறங்கிய அந்தப் பொட்டலில் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றிருப்பாள். "ஒரு மார்க் ரெண்டு மார்க்ல போயி பல்லு டாக்டர்ல மாட்டிக்கிறாதீங்கன்னு எங்க வீட்டுக்காரரு படிச்சுப் படிச்சு சொன்னாரு" என்கிறாள் சேலத்து அம்மா. "என் தங்கச்சி மக அப்படித்தான் மாட்டிக்கிச்சு. யார் கேட்டாலும் டாக்டர்னு மட்டும் சொல்லும், பல்லுன்னு சொல்லாது." அப்பா துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்கிறார். அந்த அம்மா என்னைப் பார்க்கிறாள். "என்ன சொல்றாரு?" எங்க பாப்பாவுக்கு எம்பிபிஎஸ்ஸே கெடைக்கும் என்று சொன்னார். அதையே சொல்கிறேன். அவள் நல்லது நல்லது என்கிறாள். அப்பா என் முழங்கையைத் தட்டிக் கொடுக்கிறார். விரல் எல்லாம் எலும்பு. திரையில் ஐந்து நாலாகிறது, ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது, எல்லாரும் வந்து எடுத்துக்கொண்டு போங்களேன். நானூற்று ஐந்து. அவள் மகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள், செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது, குனிந்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறாள். நானூற்று ஏழு. நானூற்று ஒன்பது. நாலு மூன்றாகி அங்கேயே நிற்கிறது. அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடலாமா, இந்த நிமிஷம், அப்பா அன்னைக்கு பஸ்ல, என்று ஆரம்பித்தால் போதும். எப்படி ஆரம்பிப்பது. அவர் கஞ்சி ஃபிளாஸ்கின் மூடியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சுற்றிச் சுற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் மூடியை. சௌ... சௌபர்... நானூற்றுப் பன்னிரண்டு.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பக்கத்தில் கம்ப்யூட்டர்காரர். சான்றிதழ்களை விரலால் தள்ளிப் பார்க்கிறாள். "நல்ல மார்க் வாங்கியிருக்கியேம்மா. மூணு எம்பிபிஎஸ் இருக்கு, ஊர் கொஞ்சம் தூரம், பரவாயில்லையா?" கம்ப்யூட்டர்காரர் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எனக்கு என் குரல் கேட்கிறது. "பி.டி.எஸ். மேடம்." அவள் கண்ணாடியைக் கழற்றுகிறாள். "எம்பிபிஎஸ் இருக்குன்னு சொல்றேனேம்மா. சரியாக் காதுல விழுந்துச்சா?" விழுந்துச்சுங்க மேடம். "யோசிச்சுச் சொல்லு. ஆர்டர் அச்சாயிட்டா மாத்த முடியாது." அப்பா நாற்காலியில் முன்னால் வருகிறார். துண்டு விலகுகிறது. தைத்த தாடையும் ஒரு பக்கம் இழுத்த உதடும் அந்த வெளிச்சத்தில் தெரிய, அவர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பேசுகிறார், எச்சில் ஒழுகுகிறது, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, கம்ப்யூட்டர்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார். வேண்டாமுங், புள்ள பயத்துல சொல்லுது, எம்பிபிஎஸ் போடுங், எம்பிபிஎஸ். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிகிறது. "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். இந்த உலகத்தில் அவருக்கு இருப்பது என் வாய் மட்டும்தான். "என் இஷ்டம்னு சொல்றாருங்க மேடம்." சொல்லிவிட்டேன். அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கிறார். இவ்வளவு பக்கத்தில் அவர் கண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கம்ப்யூட்டர்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், போட்டுரலாமா மேடம். அப்பாவின் சட்டைப் பையில் பேனா இருக்கிறது, நோட்டு இருக்கிறது, எடுத்து எழுதினால் போதும், நாலு எழுத்து. அவர் பேனாவை எடுக்கிறார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அச்சு இயந்திரம் ஓடுகிறது. தகப்பனார் கையெழுத்து என்று அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அவர் குனிந்து, சென்னியப்பன் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போடுகிறார்.

வெளி வராந்தாவில் வெயில் சுடுகிறது. உள்ளே இருந்த குளிருக்கு இது இதமாக இருக்கிறது, இதமாக இருப்பதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆணையை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். அப்பா தூண் ஓரம் சிமெண்டுத் திட்டில் உட்கார்கிறார். "ஏம் பாப்பா மாத்திச் சொன்னே." கேள்வியாகக்கூட இல்லை. நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், ஆட்கள் எங்களைச் சுற்றிப் போகிறார்கள், கால்கள், செருப்புகள், ஃபைல்கள். அன்னைக்கு பஸ்லீங்ப்பா. அந்த டாக்டர் ஏறி வந்து கேட்டாங்களே. நான்தானுங்ப்பா சொன்னேன், வெறும் பல் டாக்டர்னு. அதுக்கப்புறம்தான் நீங்க போகவே இல்ல. சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் தொண்டையில் இருந்தது வெளியே வருவதற்கு இவ்வளவு சின்னதாக இருக்கிறது. அப்பா துண்டால் வாயை ஒற்றிக்கொள்கிறார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். "அதுக்கு மூணு மாசம் முன்னாடியே கண்ணாடில பாத்துட்டேன் பாப்பா. தெனமும் காலைல பாப்பேன். அந்தப் புள்ள சொன்னதும் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படிப் போகாம இருக்கறதுன்னு இருந்தேன். நீ அப்படிச் சொன்னியா, எனக்கு வசதியாப் போச்சு. அதைப் புடிச்சுக்கிட்டேன்." நான் அவர் கண்ணையே பார்க்கிறேன். இது உண்மையா, எனக்காக இப்போது இட்டுக்கட்டுகிறாரா. ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லல என்று சொன்னவர்தானே. பொய்யாக இருந்தால் சாகிற நேரத்தில்கூட என்னைச் சுமக்கிறார். உண்மையாக இருந்தால் தனியாகக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல், பயந்துகொண்டு, மூன்று மாதம், அதோடு பஸ்ஸில் ஏறி பழனி பழனி என்று கத்தியிருக்கிறார். எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை. அழுகிறேன். அவர் என் தலையில் கை வைக்கவில்லை, காத்திருக்கிறார். "ஆசைப்பட்டு எடுத்தியா? இல்ல, பாவத்துக்கு எடுத்தியா?" தெரியலீங்ப்பா. ரெண்டும்தானுங்ப்பா. அவர் தலையை ஆட்டுகிறார், சரி என்றா, போகட்டும் என்றா தெரியாத மாதிரி. ஹாலுக்குள் நானூற்றுப் பதினேழு என்று கேட்கிறது. ஆசைப்பட்டிருந்த இடம் ஒன்று எனக்குப் பின்னால் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா வராங்க, வழி விடுங்க என்று சொன்ன மனுஷனுக்கு நான் இன்றைக்கு என்ன செய்துவிட்டேன். பையில் போன் அடிக்கிறது. அம்மா. அப்பா வேலையை விட்டதிலிருந்து மில்லுக்குப் போகிறாள், அங்கே சாப்பாட்டு நேரம், அதற்காகவே காத்திருந்திருப்பாள். எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கை நீட்டுகிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் போனில் பேசியதே இல்லை. எதிரே முகம் இருந்தாலே யாருக்கும் புரியாதது போனில் எப்படிப் புரியும். நான் சொல்றேனுங்ப்பா என்கிறேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுக்கிறேன். அவர் எழுந்து நிற்கிறார், துண்டை எடுத்துத் தோளில் போடுகிறார், போனை நல்ல பக்கத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். "பவ்வு ஆக்கரு" என்கிறார். பல் என்று சொல்ல நாக்கு மேலே போய்த் தொட வேண்டும், அவருக்குத் தொட இருப்பது பாதிதான். ஏனுங்க, என்னங்க சொல்றீங்க, பாப்பாகிட்டக் குடுங்க என்று அம்மாவின் குரல் எனக்கே கேட்கிறது. அப்பா கொடுக்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறார். வராந்தாவில் போகிறவர்கள் நிற்கிறார்கள், ஒரு பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் தரம், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, அந்த ஒரு வார்த்தையை நீட்டி நீட்டிச் சொல்கிறார். அந்தப் பக்கம் மில் இரைச்சல் மட்டும். "பல்லு டாக்டருங்களா?" என்கிறாள் அம்மா. "ஆமா." "பாப்பாவே கேட்டாளா?" "ஆமா." "நீங்க சரின்னுட்டீங்களா?" அப்பா என்னைப் பார்க்கிறார். உதடு மட்டும் போதும் அந்த வார்த்தைக்கு, அது மட்டும் இன்னும் சுத்தமாக வருகிறது. "ஆமா" என்கிறார்.